கதிரையும் கடதாசியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்க உறுப்பினரான சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் படித்த ஒரு பெண் நீதிமன்றத்துக்கு வெளியே என்ன செய்யலாம் என்பது பற்றிப் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடியதாகப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். வங்கி, அரச சேவை, சர்வதேச நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் சொல்லிவிட்டு இருந்துவிடலாம். அப்படிப்பட்ட பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். அதனால் ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். அவர் தமிழர் அல்லர், எங்கள் நாட்டவரும் அல்லர். பொஸ்ரனில் சட்டத்தரணியாகத் தொடங்கி, அமெரிக்காவின் மிகப் பெரிய திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனங்களில் ஒன்றின் தலைவியான ஷாரி ரெட்ஸ்ரோன். பரமவுண்ட் படங்கள், சி.பி.எஸ். தொலைக்காட்சி, எம்.ரீ.வி., பிள்ளைகளின் நிக்கலோடியன் ஆகிய எல்லாம் ஒரு கூரையின் கீழ் இருந்த கம்பனி அது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்திருக்கும் அக்காமாரின் பேரப்பிள்ளைகள் ஸ்பொஞ்ச்பொப் பார்த்துத்தான் சோறு சாப்பிட்டிருப்பார்கள். அந்த ஸ்பொஞ்ச்பொப்பும் இந்தக் கூரையின் கீழ்த்தான்.

“பணக்காரத் தகப்பனின் மகள்தானே, இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தகப்பன் தன் கதிரையை மகளுக்குக் கொடுக்க விரும்பவில்லை என்பதிலிருந்துதான் என் கதை தொடங்குகிறது.

தகப்பன் சம்னர் ரெட்ஸ்ரோனும் சட்டத்தரணி. ஹார்வார்டில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சங்கேதக் குறிகளை உடைக்கும் பிரிவில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் வரிப் பிரிவிலும், வாஷிங்டனில் தனியார் துறையிலும் வழக்காடினார். அவருடைய தகப்பன் 1936இல் தொடங்கியிருந்த தொழில், காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிப் படமாளிகைகள். 1954இல் சம்னர் சட்டத் தொழிலை விட்டு அந்த வியாபாரத்துக்கு வந்தார். அக்காலத்தில் பெரிய படக் கம்பனிகள் புதுப் படங்களைத் திறந்தவெளி அரங்குகளுக்குக் கொடுப்பதில்லை. மற்ற இடங்களில் ஓடித் தேய்ந்த படங்களே வந்து சேரும். சம்னர் அவர்கள் மீது வழக்குப் போட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1948இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் பரமவுண்ட் உள்ளிட்ட கம்பனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, படம் எடுப்பவர்கள் படமாளிகைகளையும் தம் கையில் வைத்திருந்த நிலைக்கு முடிவு கட்டத் தொடங்கியிருந்தது. சட்டத் தொழிலை விட்ட மனிதர், வழக்காடுவதை விடவில்லை.

1979இல் பொஸ்ரன் ஹோட்டல் ஒன்றில் தீப்பற்றியபோது யன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, கடும் எரிகாயங்களோடு உயிர் தப்பினார். 1987இல், எங்களூரில் ஓய்வூதியம் எடுத்துப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகும் வயதில், வயாகொம் கம்பனியைக் கைப்பற்றினார். 1994இல் பரமவுண்ட். 2000இல் சி.பி.எஸ். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இவ்வளவும் போதும்.

ஷாரி பிறந்தது 1954இல். பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1978இல் சட்டப் பட்டம் பெற்றார். 1980இல் வரிச் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் எடுத்தார். கம்பனிச் சட்டம், குற்றவியல் வழக்குகள், ஒருவருடைய ஆதனம் அவருக்குப் பின் யாருக்கு எந்த நிபந்தனையில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை ஆகிய மூன்றையும் செய்தார். இந்த மூன்றாவதைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணம், மூன்று பிள்ளைகள், விவாகரத்து எல்லாம் கடந்து, நாற்பது வயதளவில்தான் குடும்ப வியாபாரத்துக்குள் வந்தார். பிள்ளை வளர்ப்புக்குப் பிறகு மீண்டும் தொழிலுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கும் தங்கைமாருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவருக்குக் கிடைத்தது படமாளிகைகளை நடத்தும் வேலை. வயாகொமும் சி.பி.எஸ்.உம் மினுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது பின்வளவு வேலைதான். இருக்கைகளை முன்பதிவு செய்வது, படத்தோடு சாப்பாடும் பரிமாறும் வசதியான அரங்குகள், ரஷ்யாவில் நவீன படமாளிகைகள் என்று அதைத் திறம்படச் செய்தார். ஆனாலும் 2007இல் தகப்பனும் மகளும் பகிரங்கமாக முரண்பட்டனர். தகப்பன் ஒரு வணிக சஞ்சிகைக்குக் கடிதமே எழுதினார். இந்தச் சாம்ராச்சியத்தைக் கட்டியது தானே, பிள்ளைகளின் பங்களிப்பு இல்லை என்று சொல்லலாம் என்பது அதன் சாரம். பெற்ற தகப்பன் அச்சில் எழுதிய வார்த்தை. நம் குடும்பங்களில் இது அடுக்களைக்குள் சொல்லப்படும், வித்தியாசம் அவ்வளவுதான்.

சகோதரர் வழக்குப் போட்டு, இணங்கி, தம் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். ஷாரி விற்கவில்லை. அவர் கையில் இருந்தது நஷனல் அமியூஸ்மென்ற்ஸ் என்ற குடும்பக் கம்பனியில் நூற்றுக்கு 20 பங்கு. மிகுதி 80 தகப்பனுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை.

பங்கு என்றால் இரண்டு விடயங்கள் சேர்ந்தது. ஒன்று இலாபத்தில் உரித்து. மற்றது கூட்டத்தில் வாக்கு. இரண்டும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும் என்றில்லை. வயாகொமிலும் சி.பி.எஸ்.இலும் இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. ஒரு வகைக்கு வாக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. சந்தையில் பொதுமக்கள் வாங்கி விற்றது பெரும்பாலும் வாக்கில்லாத வகை. வாக்குள்ள வகையில் நூற்றுக்கு 80 அளவு நஷனல் அமியூஸ்மென்ற்ஸ் கையில் இருந்தது. மொத்தப் பெறுமதியில் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துத்தான். பத்து ரூபாவைப் போட்டவர் எண்பது கை உயர்த்தலாம். இது நியாயமா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் அது எழுத்தில் இருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது.

அடுத்த முடிச்சு, தகப்பனின் அந்த 80. அவர் இறந்தாலோ, சுயமாகத் தீர்மானிக்க முடியாத நிலைக்கு வந்தாலோ, ஏழு நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் கைக்கு அந்தப் பங்குகளின் ஆளுகை போகும்படி ஓர் ஆவணம் எழுதப்பட்டிருந்தது. ஷாரி எழுவரில் ஒருவர். வயாகொமின் பிரதம நிறைவேற்று அதிகாரி பிலிப் டோமனும் ஒருவர். இவரும் சட்டத்தரணி, 1987இல் வயாகொமைக் கைப்பற்ற சம்னருக்குத் துணை நின்றவர். அப்படியானால் இந்தக் கதையில் மூன்று சட்டத்தரணிகள். தாம் எதில் கையொப்பமிட்டிருந்தோம் என்பது மூவருக்கும் நன்றாகவே தெரியும்.

2016 பெப்ரவரியில், 92 வயதுத் தகப்பன் இரு கம்பனிகளின் தலைமையிலிருந்தும் விலகினார். சி.பி.எஸ்.இல் லெஸ் மூன்வெஸ் தலைவரானார். அவரை முன்மொழிந்தது ஷாரிதான். வயாகொமில் டோமனைத் தலைவராக்கப் பணிப்பாளர் சபை வாக்களித்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது ஷாரியுடையது. குடும்ப நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கம்பனியின் தலைவராகவும் இருக்கக் கூடாது, சுயாதீனமான ஒருவர் வேண்டும் என்று அவர் எழுத்தில் அறிவித்தார். அன்று தோற்றார். ஆனால் அந்தத் தனி எதிர்ப்புக் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. எங்கள் சங்கக் கூட்டங்களில் “ஏன் வீண் பகை?” என்று மௌனமாக இருந்துவிட்டு, வாசலில் செருப்புப் போடும்போது எதிர்ப்புத் தெரிவிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த எதிர்ப்பை எந்தக் குறிப்பும் பதிவதில்லை.

அதன் பின் நடந்தவை வேகமானவை. மே மாதம் டோமன் நம்பிக்கைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பரமவுண்டின் ஒரு பகுதியை விற்க டோமன் முயன்றபோது, யூன் மாதத்தில் நஷனல் அமியூஸ்மென்ற்ஸ் வயாகொமின் யாப்பையே திருத்தியது. பணிப்பாளர்கள் அனைவரும் ஏகமனதாகச் சம்மதித்தால் ஒழியப் பரமவுண்டை விற்க முடியாது என்றாக்கியது. மூன்று மாநிலங்களில் வழக்குகள் ஓடின. மூப்பில் தளர்ந்த தகப்பனை மகள் ஆட்டி வைக்கிறார் என்பது டோமன் தரப்பின் குற்றச்சாட்டு. இல்லை, இது அவருடைய சொந்த விருப்பமே என்பது மறுதரப்பு. ஓகஸ்டில் எல்லாம் இணக்கத்தில் முடிந்தன. டோமன் பெருந்தொகையோடு வெளியேறினார். வழக்கு இணக்கத்தில் முடிந்தால் கேள்வி பதிலில்லாமல் நின்றுவிடும். ஆகவே மகள் செய்தது முழுவதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பொறுப்பாளரை நீக்கும் அதிகாரம் எந்த வாசகத்தில் இருக்கிறது, யாப்பைத் திருத்த எத்தனை வாக்கு வேண்டும் என்று அவர் தரப்புக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2018 மே மாதத்தில் அதே பாடம் இன்னும் கடுமையாக வந்தது. இம்முறை எதிரே நின்றது சி.பி.எஸ். அங்கேயுள்ள பணிப்பாளர்கள், எல்லாப் பங்குதாரருக்கும் புதிதாக வாக்குள்ள பங்குகளை வழங்கி, குடும்பத்தின் வாக்குப் பலத்தை 79இலிருந்து 17 வீதமளவுக்கு இறக்கத் திட்டமிட்டார்கள். ஒரு சதமும் பறிக்காமல், வாக்கை மட்டும் கரைக்கும் திட்டம். திங்கட்கிழமை டெலவெயார் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. புதன்கிழமை நஷனல் அமியூஸ்மென்ற்ஸ் யாப்பைத் திருத்தி, அப்படிப் பங்கு வழங்கச் சபையில் நூற்றுக்குத் தொண்ணூறு ஆதரவு வேண்டும் என்றது. வியாழக்கிழமை நீதிமன்றம் சி.பி.எஸ். கேட்ட இடைக்காலத் தடையுத்தரவை மறுத்தது. நான்கு நாட்கள்! எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அது ஒரு தவணைக்கும் போதாது. செப்ரெம்பரில், பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் பத்திரிகையில் வெளிவந்ததைத் தொடர்ந்து மூன்வெஸ் பதவி விலகினார். அவர் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தார். அதே நாளில் இந்த வழக்கும் இணக்கத்துக்கு வந்தது. 2019 டிசெம்பரில் வயாகொமும் சி.பி.எஸ்.உம் மீண்டும் ஒன்றாயின. தலைவி ஷாரி ரெட்ஸ்ரோன்.

‘சக்செஷன்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதை போலத் தோன்றும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பெண்ணைத் தெரிந்தெடுத்தேன்.

எங்கள் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனத்துக்குப் பெயர்கள் உண்டு. மகளுக்குக் காணியும் வீடும் எழுதிக் கொடுப்பது எங்கள் வழமை. வெளியூரார் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். நாமும் பெருமையோடு சொல்வோம். ஆனால் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையாத ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. உறுதியில் பெயர் அவளுடையது. விற்கும் பேனா இன்னொருவருடையது. பெறுமதியும் வாக்கும் பிரிந்து கிடப்பதைப் பார்க்க நாங்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாமாகவே பிரித்துக் கொடுப்பது அதைவிட அதிகம். நொத்தாரிசாக என் மேசைக்கு முன்னால் வந்திருந்த பெண்களில் ஆசிரியைகள் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள், கணக்காளர்களும் இருந்தார்கள். “எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்?” என்பதுதான் முதற் கேள்வி. “வாசித்துப் பாருங்கோ” என்றால், “அண்ணா பார்த்தவர், அது காணும்” என்ற பதில். வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை விடுமுறையில் வந்து, விமானம் ஏறுவதற்கு முதல்நாள் பின்னேரம் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் காணியைப் பராமரிக்கும் அதிகாரம் மட்டும் இருக்கிறதா, விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அண்ணன்மார் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அந்தக் காணிக்கு வேலி அடைத்து, வரி கட்டி, கிணறு இறைத்துக் காத்தவர்கள். ஆனால் அண்ணாவுக்குப் பிறகு அண்ணாவின் பிள்ளைகள் வருவார்கள். அன்று பேசப் போவது அன்பு அல்ல, நீங்கள் வாசிக்காமல் வைத்த கையொப்பம்.

ஷாரியின் 20 பங்கு அவருடைய தகப்பன் கொடுத்தது. அதை அந்தத் தகப்பனே ஊரறியச் சொல்லிக் காட்டினார். மனம் நொந்து விற்றுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரோசம் பார்த்து உரித்தை விட்டுக்கொடுப்பது எங்கள் பெண்களிடம் நல்ல குணமாகப் போற்றப்படுவது. “எனக்கு உங்கட காணி வேண்டாம்” என்று எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்குப் பிறகு அதே காணிக்காக வந்து அழுதவர்களையும் தெரியும்.

இனி, கதிரை கிடைத்த பின் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

அவர் ஒன்றிணைத்த கம்பனி 2022இல் பரமவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மக்கள் கேபிள் இணைப்புகளைத் துண்டித்து இணையவழிப் படங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பரமவுண்டும் 2021இல் தன் இணையவழிச் சேவையை விரித்துப் பெரும் நட்டம் சுமந்தது. 2023இல் பங்கிலாபத்தைப் பலமாகக் குறைத்தது. மேலே சொன்ன குடும்பக் கம்பனியின் வருமானமே பெரும்பாலும் அந்தப் பங்கிலாபம்தான். அதற்குக் கடனும் இருந்தது. மேலே மடை அடைபட்டால் கீழ் வயல் காயும். ஆளுகையை விடாமல் காத்தவருக்கு, ஆளுகையை விற்பதைத் தவிர வேறு வழி குறைந்து போனது. 2024 யூலையில் டேவிட் எலிசனின் ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஆனது.

அந்த விற்பனைக்கு அரசின் அனுமதி வேண்டும். அந்த நேரத்தில்தான் டொனால்ட் ட்ரம்ப், சி.பி.எஸ்.இன் ‘60 மினிட்ஸ்’ செய்தி நிகழ்ச்சி கமலா ஹரிஸின் நேர்காணலை வெட்டி ஒட்டியது என்று வழக்குப் போட்டார். 1968 முதல் ஓடும் நிகழ்ச்சி அது. அமெரிக்கச் செய்தித் துறையில் அதற்குத் தனி மரியாதை உண்டு. வழக்கில் வலுவில்லை என்று சட்ட அறிஞர்கள் பலர் சொன்னார்கள். இதற்கிடையில் அவர் சனாதிபதியும் ஆனார். நிகழ்ச்சியின் தலைமைத் தயாரிப்பாளர் தம் சுயாதீனம் போய்விட்டது என்று சொல்லி 2025 ஏப்ரலில் விலகினார். யூலைத் தொடக்கத்தில் பரமவுண்ட் 16 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. அதே மாதம் 24ஆம் திகதி விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இணக்கம் பற்றிய தீர்மானத்திலிருந்து ஷாரி விலகி நின்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வழக்கு முடிய வேண்டும் என்று அவர் விரும்பியது இரகசியமல்ல.

நான் கட்சிக்காரருக்கு வாரத்தில் மூன்று தடவை “இணங்கிப் போங்கோ” என்று சொல்பவள். செலவு, காலம், நித்திரையில்லாத இரவுகள் எல்லாம் தெரிந்தே சொல்கிறேன். இருந்தும் இந்த இணக்கம் எனக்குச் செரிக்கவில்லை. பத்திரிகைக் காரியாலயங்கள் எரிந்ததைப் பார்த்த ஊரில் இருந்து பேசுகிறேன் என்பதாலும் இருக்கலாம். ஒரு செய்தி அறையைக் காப்பதும் கம்பனியின் ஆதனத்தைக் காப்பதும் ஒரே சட்டத்தரணியின் கையில் வந்தால், இரண்டாவதுக்குத்தான் அவர் பயிற்றப்பட்டிருக்கிறார். ‘ஒருவருடைய ஆதனம் அவருக்குப் பின்’ என்ற வேலையைச் செய்து பழகியவர் அவர் என்று முன்னர் சொன்னேன். அவர் பக்கத்து நியாயமும் உண்டு. விற்பனை முறிந்திருந்தால் கடன் முழுக்க விழுங்கியிருக்கும், ஊழியர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயர்தர மாணவிகள் இதை விவாதப் போட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் கிடைத்தாலும் பேச நிறைய இருக்கிறது.

2025 ஓகஸ்ட் 7ஆம் திகதி கைமாற்றம் நிறைவடைந்தது. பாட்டனார் 1936இல் தொடங்கிய கம்பனி குடும்பத்தை விட்டுப் போனது. அப்போது ஷாரிக்கு வயது 71.

செயலாளர் கையைக் காட்டுகிறார், தேநீர் ஆறுகிறதாம். ஒரு அறிவித்தல் மட்டும். தேநீருக்குப் பிறகு, சட்டத்துறையில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் மூவரும் நானும் நூலகத்தில் இருப்போம். உறுதி, நன்கொடை, அற்றோணித் தத்துவம், மரணசாசனம் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை. நாளைக்கு விமானம் ஏறுபவர்களை முதலில் பார்ப்போம். மூக்குக் கண்ணாடியை மறந்து வந்தவர்களுக்கு நாங்களே வாசித்துச் சொல்வோம்.